காட்டுப் பள்ளிக்கூடமும் காசநோயும்

நம்ம ஊர் செய்தித்தாளில் 'மரத்தடியில் பாடம் படிக்கும் மாணவர்கள்' என்று ஒரு படம் வந்தால், அது என்ன செய்தி என்று படிக்காமலே தெரிந்துவிடும். பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள், புதுசு இன்னும் வரவில்லை, அதிகாரிகள் கவனிப்பார்களா என்று கடைசி வரி இருக்கும். நியாயமான குறைதான். ஆனால் டென்மார்க்கிலோ இங்கிலாந்திலோ இதே மாதிரி ஒரு படம் வந்தால் அது பள்ளிக்கூடத்துக்கு விளம்பரம்! ஐந்து வயது, ஏழு வயதுப் பிள்ளைகள் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, சேற்றில் உட்கார்ந்து, சுள்ளி பொறுக்கி, தீ மூட்டிக்கொண்டு இருப்பார்கள். பக்கத்தில் டீச்சர் சிரித்தபடி நிற்பார். 'ஃபாரஸ்ட் ஸ்கூல்' என்று அதற்குப் பெயர்.

இந்த வழக்கம் எங்கே முளைத்தது என்று கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். யாராவது இயற்கை ஆர்வலர், இல்லாவிட்டால் ஒரு கவிஞர் ஆரம்பித்திருப்பார் என்றுதான் யாருக்கும் தோன்றும். கவிஞரும் வருகிறார், கொஞ்சம் பொறுங்கள். ஆனால் ஐரோப்பாவில் ஆரம்பிச்சு வச்ச கதையில் முக்கியப் பாத்திரம் காசநோய்தான்.

சார்லட்டன்பர்க் இன்று பெர்லினுக்குள் ஒரு பகுதி. 1920 வரைக்கும் அது தனி நகரம், பணக்கார நகரமும்கூட. ஆனால் எல்லாப் பணக்கார நகரங்களையும் போல அங்கேயும் வெயிலே எட்டாத அடுக்குக் குடியிருப்புகள் இருந்தன. ஒரு முற்றத்துக்குப் பின்னால் இன்னொரு முற்றம், அதைச் சுற்றி ஒரு அறை, இரண்டு அறை வீடுகள். ஈரம், புகை, நெரிசல். காசநோய்க்கு இதைவிட வசதியான இடம் வேண்டுமா என்ன?

1882 மார்ச் 24 அன்று இதே பெர்லினில்தான் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். மனிதர்களில் ஏழில் ஒருவர் இந்த நோயால் சாகிறார் என்று அந்த உரையிலேயே சொன்னார். எதிரி யார் என்று தெரிந்துவிட்டது, கையில் ஆயுதம்தான் இல்லை. உருப்படியான மருந்து வர இன்னும் அறுபது வருஷம் இருந்தது. அதுவரைக்கும் டாக்டர்களிடம் இருந்தது மூன்றே மூன்று: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. காசு இருப்பவர்கள் மலைமேல் சானட்டோரியத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு?

சார்லட்டன்பர்க்கின் கல்வி அதிகாரி ஹெர்மன் நொய்ஃபெர்ட், குழந்தை மருத்துவர் பெர்ன்ஹார்ட் பெண்டிக்ஸ், இந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு யோசனை சொன்னார்கள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பரிசோதித்துப் பார்த்தால் பலர் மந்தமே இல்லை, நோஞ்சான்கள். இரத்தசோகை, கழுத்தில் நெறிகட்டி, நெஞ்சுச் சளி, இதயக் கோளாறு. பள்ளியில் உட்கார வைத்தால் உடம்பு கெடுது, வீட்டில் படுக்க வைத்தால் படிப்பு கெடுது. அதனால் பள்ளிக்கூடத்தையே காட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் என்ன?

1904 ஆகஸ்ட் 1 அன்று க்ரூனவால்ட் காட்டின் ஓரத்தில், பைன் மரங்களுக்கு நடுவே அந்தப் பள்ளி திறந்தது. பெயரே 'வால்ட்சூல', அதாவது காட்டுப் பள்ளி. முதல் பருவம் மூன்றே மாதம், அக்டோபர் கடைசி வரைக்கும்தான். ஏறக்குறைய நூறு பிள்ளைகள். பிறகு 240 வரை போனது. தொற்றும் நிலையில் இருந்த நோயாளிகளைச் சேர்க்கவில்லை. நோயின் விளிம்பில் நிற்கும் பிள்ளைகளைத்தான் பள்ளி மருத்துவர்கள் பொறுக்கி எடுத்தார்கள்.

அந்தப் பள்ளியின் ஒரு நாளைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆசை. காலையில் டிராம் பிடித்துப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். வந்ததும் பாடம் இல்லை, சாப்பாடு! ஒரு கிண்ணம் சூப்பு, வெண்ணெய் தடவிய ரொட்டி. அப்புறம் பாடம். பத்து மணி வாக்கில் பால். மதியம் இறைச்சி, காய்கறியோடு முழுச் சாப்பாடு. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் கட்டாயத் தூக்கம், காட்டுக்குள்ளேயே சாய்வு நாற்காலி போட்டு, கம்பளி போர்த்தி. நாலு மணிக்கு மறுபடி பால், ரொட்டி, ஜாம். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் இன்னொரு தடவை சூப்பு. நான் படித்த பள்ளியில் இதில் பாதி கிடைத்திருந்தால் ஒரு நாள்கூட மட்டம் போட்டிருக்க மாட்டேன் :-)

சமையலைப் பார்த்துக்கொண்டது ஒரு மகளிர் சங்கம். முடிந்த பெற்றோர் நாளைக்குச் சில காசு கொடுத்தார்கள், முடியாதவர்களுக்கு இலவசம். மரப்பலகைக் கொட்டகைகள் சில இருந்தன, மழை வலுத்தால் மட்டும் உள்ளே. மற்ற நேரம் பெஞ்சும் கரும்பலகையும் மரத்தடிக்கு வந்துவிடும். பையன்களும் பெண்களும் ஒரே வகுப்பில். அந்தக் கால ஜெர்மனியில் அதுவே பெரிய விஷயம். வாரத்தில் சில நாள் குளியல். தவறாமல் எடை பார்த்துக் குறித்து வைப்பார்கள்.

அப்போ படிப்பு? ஒரு நாளைக்கு மொத்தமே இரண்டு, இரண்டரை மணி நேரம். 25 நிமிஷம் பாடம், 5 நிமிஷம் விடுதலை, மறுபடி 25 நிமிஷம். வழக்கமான நகராட்சிப் பள்ளியில் ஒரு வகுப்பில் ஐம்பது பேர் வரை அடைந்து கிடந்தார்கள், இங்கே இருபது, இருபத்தைந்து பேர்.

மூன்று மாதம் கழித்து எடை ஏறியதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அவ்வளவு சாப்பிட்டால் நானும் ஏறுவேன். ஆச்சரியம் வேறு இடத்தில். பாதி நேரமே பாடம் படித்த இந்தப் பிள்ளைகள் பழைய பள்ளிக்குத் திரும்பியபோது தங்கள் வகுப்போடு சேர்ந்து ஓட முடிந்தது. பின்தங்கவில்லை. இந்தச் செய்திதான் ஐரோப்பா முழுக்கக் கல்வி அதிகாரிகளை டிராம் ஏறி க்ரூனவால்டுக்கு வரவைத்தது.

எனக்கு இந்தக் கதையில் உறுத்தும் இடமும் இதுதான். நோஞ்சான் பிள்ளை பாதி நேரத்தில் படித்து முடிக்கிற பாடத்தை, நல்ல உடம்போடு இருக்கும் பிள்ளை ஏன் ஐம்பது பேரோடு நாள் முழுக்க உட்கார்ந்து படிக்க வேண்டும்? இந்தக் கேள்வி அன்றைக்கு அங்கங்கே எழாமல் இல்லை. ஆனால் நகராட்சிகள் அதைக் கையில் எடுக்கவில்லை. காடு ஒரு மருந்து, மருந்து நோயாளிக்கு மட்டும், அவ்வளவுதான் கணக்கு. இன்னொன்றும் உண்டு. சாயங்கால சூப்பைக் குடித்துவிட்டு டிராம் ஏறிய பிள்ளை இரவு தூங்கியது அதே ஈர வீட்டில்தான். வீட்டை மாற்றுவதைவிடப் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவது நகராட்சிக்கு மலிவு.

1907-ல் லண்டன் கவுன்ட்டி கவுன்சில் இதையே செய்து பார்த்தது. தென்கிழக்கு லண்டனில் பாஸ்டல் காடு, ஆலைத் தொழிலாளர்கள் நடத்திய ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நிலம். ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை. இங்கே ஆசிரியர்கள் ஒரு படி மேலே போனார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பெர்லினில் வகுப்பறைப் பாடத்தைத் தூக்கி மரத்தடியில் வைத்தார்கள். லண்டனில் மரத்தடியே பாடமாக ஆரம்பித்தது. தூரத்தை அடியால் அளப்பது கணக்கு, மண்ணைக் குவித்து மலையும் தீவும் செய்வது புவியியல். இன்றைய ஃபாரஸ்ட் ஸ்கூல் டீச்சர் ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால் அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடுவார். அடுத்த வருஷமே லண்டனில் இன்னும் மூன்று இடங்களில் திறந்தார்கள்.

அதற்குப் பிறகு இது காட்டை விட்டு வெளியே வந்து 'திறந்தவெளிப் பள்ளி' என்று பரவியது. அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரில் 1908 ஜனவரியில், ஆமாம் ஜனவரிப் பனியில், பழைய பள்ளிக் கட்டடத்தின் சுவரைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளைக் கம்பளிப் பைக்குள் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். 1922-ல் பாரிஸில் உலக மாநாடே நடந்தது. 1930-ல் ஆம்ஸ்டர்டாமில் டாய்கர் என்ற கட்டடக் கலைஞர் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக ஒரு திறந்தவெளிப் பள்ளி கட்டினார், கட்டடக் கலை படிக்கிறவர்கள் இன்றும் போய்ப் பார்க்கும் கட்டடம் அது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் மரம் எங்கே என்று கேட்கக் கூடாது.

க்ரூனவால்ட் பக்கமே நடந்த இன்னொரு கதையையும் சொல்லாமல் போக மனசு வரவில்லை. 1932-ல் லோட்டே கலிஸ்கி என்ற இளம் யூத ஆசிரியை பெர்லினில் சொந்தமாக ஒரு காட்டுப் பள்ளி தொடங்கினார். சிறு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தவர், அதனால் அரசுப் பள்ளியில் அவரை எடுக்கவில்லை. மறு வருஷம் ஹிட்லர் வந்தார். கலிஸ்கி பள்ளியில் இனி யூதப் பிள்ளைகள் மட்டும்தான் படிக்கலாம் என்று ஆனது. மற்ற பள்ளிகளில் அவமானப்பட்டு வந்த பிள்ளைகளுக்கு அந்த இடம் கொஞ்ச காலம் மூச்சு விட இடம் கொடுத்தது. கலிஸ்கி 1938-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1939-ல் பள்ளி இல்லை. பிற்பாடு நியூயார்க்கில் அவர் சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார்.

சரி, கவிஞர் விஷயத்துக்கு வருவோம். தாகூர்தான். சார்லட்டன்பர்க்குக்கு மூன்று வருஷம் முன்னால், 1901 டிசம்பரில், சாந்திநிகேதனில் ஐந்தே மாணவர்களோடு தொடங்கினார். அதில் ஒருவர் அவருடைய மகன். அங்கே டாக்டர் இல்லை, எடை பார்க்கும் மெஷின் இல்லை. சுவருக்குள் உட்கார்ந்து படித்த தன் சின்ன வயசு அவருக்குச் சிறைவாசமாக இருந்தது, அதனால் சுவர் வேண்டாம் என்று முடிவு செய்தார், அவ்வளவுதான். நோயே இல்லாத பிள்ளைக்கும் மரத்தடி வேண்டும் என்று நினைத்தவர் அவர். சாந்திநிகேதன் முதலில் காடும் இல்லை, செம்மண் பொட்டல். தாகூரின் அப்பா ஓய்வெடுத்த இரண்டு மரங்கள்தான் அங்கே பேர் பெற்றவை. வங்காளத்தில் சாதிம் என்பார்கள், நம்ம ஏழிலைப்பாலை. இதில் ஒரு வேடிக்கை, அந்த மரத்தின் அறிவியல் பெயரிலேயே 'ஸ்காலாரிஸ்' என்று பள்ளிக்கூடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளின் எழுதுபலகை அந்த மரத்தில் செய்வார்களாம்.

மரத்தடி வகுப்பு அங்கே இன்றும் நடக்கிறது. அங்கே படித்துவிட்டு வந்தவர்களில் ஒருவர் ஜி. ராமச்சந்திரன். 1947-ல் மனைவி சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

மறுபடி ஐரோப்பாவுக்கு. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த பத்து வருஷத்தில் இன்னும் இரண்டு மருந்துகள். பிரிட்டனில் 1953 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு பி.சி.ஜி. ஊசி. அப்புறம் காற்று யாருக்கு வேண்டும்?

இந்த இடத்தில் கதை நேராகச் சென்னைக்கு வருகிறது. நான் எதிர்பார்க்கவே இல்லை. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் ஒன்று தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து. நகரத்தின் ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானட்டோரியத்தில் ஓய்வு, சத்தான சாப்பாடு, காற்றோட்டம், கூடவே மாத்திரை. இன்னொரு பாதி அதே மாத்திரைகளோடு நெரிசலான சொந்த வீட்டில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு. ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளியானபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தார்கள்! மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் போதும். உலகம் முழுக்க சானட்டோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

தாம்பரம் சானட்டோரியம் என்று தினமும் ரயிலில் காதில் விழும் பெயரும் இந்தக் கதையின் ஒரு துண்டுதான். அதை 1928-ல் தொடங்கிய டாக்டர் சௌரிமுத்து அதற்கு முன்னால் இங்கிலாந்தில் மென்டிப் மலையில் திறந்தவெளி மருத்துவமனை நடத்தியவர். காசநோய் என்று கருதப்பட்ட கணித மேதை ராமானுஜன் 1917-ல் அங்கே அவரிடம் சிகிச்சைக்குப் போயிருக்கிறார்.

சேத்துப்பட்டு ஆய்வைக் குறை சொல்ல முடியாது. கோடிக்கணக்கான ஏழைகளுக்கு வீட்டிலேயே வைத்தியம் கிடைக்க வழி செய்தது. ஆனால் காடு மருந்து என்ற கணக்கில்தானே பிள்ளைகளுக்குக் காடு கிடைத்தது? மருந்து வேறு வந்ததும் அந்தக் கணக்கு முடிந்தது. 1950-களிலிருந்து திறந்தவெளிப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, சில வேறு விதமான சிறப்புப் பள்ளிகளாக மாறின. பெர்லினில் 'வால்ட்சூல்அல்லே' என்று ஒரு தெரு இருக்கிறது, காட்டுப் பள்ளிச் சாலை. அங்கே இருக்கும் உயர்நிலைப் பள்ளி 1904-க்காரர்களின் வழி வந்தது. இப்போது சுவரும் ஜன்னலும் உள்ள சாதாரணப் பள்ளி.

இங்கே மூடுகிற அதே வருஷங்களில் டென்மார்க்கில் வேறு ஒரு வாசல் திறந்தது. 1950-களின் தொடக்கத்தில் எல்லா ஃப்ளாட்டாவ் என்ற ஒரு அம்மா தன் பிள்ளைகளைத் தினமும் காட்டுக்குக் கூட்டிப்போனார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டன. பெற்றோர்கள் கூடிப் பேசி அதையே ஒரு மழலையர் பள்ளியாக்கிவிட்டார்கள். டாக்டரின் சீட்டு இல்லை, நோய் இல்லை. 1957-ல் ஸ்வீடனில் யோஸ்டா ஃப்ரோம் என்பவர் 'ஸ்கூக்ஸ்முல்ல' என்று ஒரு வன பூதத்தைக் கற்பனை செய்தார். வேஷம் கட்டிய பூதம் காட்டுக்குள்ளிருந்து வந்து பிள்ளைகளோடு பேசும். பல லட்சம் ஸ்வீடன் பிள்ளைகள் அந்தப் பூதத்தோடு காட்டுக்குள் நடந்திருக்கிறார்கள். 1985-ல் மழையோ வெயிலோ வெளியேதான் என்று அங்கே ஒரு பாலர் பள்ளி தொடங்கி, பிறகு தொடக்கப் பள்ளி வகுப்புகளுக்கும் அது வளர்ந்தது. டென்மார்க்கிலும் ஏழு வயசுக்கு மேலே உள்ள பிள்ளைகளை வாரத்தில் ஒரு நாள், இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் என்று வெளியே கூட்டிப்போய்ப் பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் பெருகினார்கள். 2000-2003-ல் கோபன்ஹேகனில் ஒரு பள்ளி, ஒரே வகுப்பை மூன்று வருஷம் வாரம் ஒரு நாள் காட்டுக்கு அனுப்பியது. இடுப்பில் கருவி கட்டி அளந்து பார்த்ததில், காட்டு நாளில் பிள்ளைகளின் உடல் அசைவு வகுப்பறை நாளைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அவர்கள் அளந்தது அசைவைத்தான். 1904-ல் பிள்ளைகளைத் தேற்றியது மரமா, சூப்பா, தூக்கமா, இருபது பேர் வகுப்பா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. நாலையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் பேர் மட்டும் மரத்துக்குப் போய்விட்டது. என்னைக் கேட்டால் சூப்புக்கும் சின்ன வகுப்புக்கும் பெரிய பங்கு உண்டு.

1993-ல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து குழந்தை வளர்ப்புப் படிப்பு மாணவர்களும் ஆசிரியர்களும் டென்மார்க் போய் இதைப் பார்த்தார்கள். திரும்பி வந்து தங்கள் கல்லூரியின் குழந்தைகள் காப்பகத்திலேயே ஆரம்பித்தார்கள். 'ஃபாரஸ்ட் ஸ்கூல்' என்ற பெயர் பரவியது அங்கிருந்துதான். பாஸ்டல் காட்டிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர், ஆனால் கற்றுக்கொள்ளக் கடல் கடந்து போக வேண்டியிருந்தது!

இன்று பிரிட்டனில் நிறையத் தொடக்கப் பள்ளிகளில் இது இருக்கிறது. ஆனால் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், பத்துப் பதினைந்து பிள்ளைக்கு மேல் ஒரே நேரத்தில் கூட்டிப்போனால் சமாளிப்பது கஷ்டம், மழைக்கோட்டு பூட்ஸ் வாங்கக் காசு வேண்டும். அதனால் பல பள்ளிகளில் எல்லாருக்கும் இடம் கிடைப்பதில்லை, ஆள் பொறுக்குகிறார்கள். யாரை என்று பார்த்தால், வகுப்பில் உட்கார முடியாதவன், பேசத் தயங்குகிறவள், கோபம் அதிகம் வருகிறவன். அவர்களுக்கு நல்லது நடக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள், நான் நம்புகிறேன். அன்றைக்கு இரத்தசோகை உள்ள பிள்ளைக்குச் சீட்டு எழுதினார்கள், இன்றைக்குத் துறுதுறு பிள்ளைக்கு எழுதுகிறார்கள். ஒரு தொல்லையும் கொடுக்காமல் நடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, செவ்வாய்க்கிழமை மதியம் அவர்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வரிசையாகப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.